பாடப் புத்தகத்தில் இல்லாத கழுத்து



கழுத்துச் சிரைகளும் நரம்புகளும் ஆளுக்கு ஆள் மாறுவதைப் பற்றிப் பொதுமேடையில் என்ன பேச்சு, டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைராய்டு கழலை, நெறிக்கட்டு, வாய்ப்புற்று என்று ஏதோ ஒரு காரணத்துக்காகக் கழுத்தில் அறுவை செய்துகொண்டவர் உங்கள் உறவிலோ தெருவிலோ இருப்பார். அந்த அறுவைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருப்பது உங்கள் உரிமை.

முதலில் உங்கள் கழுத்தையே கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். தலையை இடப்பக்கம் திருப்புங்கள். வலப்பக்கத்தில், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பின் மேல்முனை வரை ஒரு தசை சாய்வாகப் புடைத்து நிற்கும். இன்றைக்கு அதைச் சாய்தசை என்று சொல்லிக்கொள்வோம். அதன் முன் ஓரத்தில், குரல்வளையின் உயரத்தில், அழுத்தாமல் விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. அதற்கு வெளிப்பக்கம், சாய்தசைக்கு அடியில், மூளையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திரும்ப இறக்கிவரும் பெரிய சிரை ஓடுகிறது. உட்கழுத்துச் சிரை என்பது அதன் பெயர். இரண்டுக்கும் இடையே, சற்றுப் பின்னால், வேகஸ் என்ற நரம்பு. மூன்றும் ஒரே உறைக்குள் இருக்கின்றன.

இனி விரலைச் சாய்தசையின் பின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். காரை எலும்புக்கு மேலே மெத்தென்று ஓர் இடம் இருக்கிறது. முன்னால் சாய்தசை, பின்னால் தோளைத் தூக்கும் ட்ரபீசியஸ் தசை, கீழே காரை எலும்பு. முக்கோணமான இடம். கைக்கு எலும்பு தட்டாது, துடிப்பும் பெரிதாகத் தெரியாது. ஒன்றுமே இல்லாத இடம் போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே, தோலுக்கும் ஒரு மெல்லிய சவ்வுக்கும் அடியிலேயே, மூளை நரம்புகள் 12 ஜோடியில் 11-ஆவது குறுக்காகப் போகிறது. துணை நரம்பு என்று பாடத்தில் சொல்வார்கள். அறுவை அரங்கில் ‘லெவன்த்’ என்று சொன்னாலே எல்லோருக்கும் புரியும். நான் இந்த நரம்பிடம் திரும்பத் திரும்ப வருவேன்.

இதுவரை சொன்னது புத்தகப் படம். அந்தப் படம் எப்படி வந்தது? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கேலன், குரங்குகளையும் பன்றிகளையும் மற்ற விலங்குகளையும் அறுத்துப் பார்த்து எழுதினார். ஐரோப்பா அதையே மனித உடலின் உண்மை என்று 1,300 ஆண்டுகளுக்கு மேல் படித்தது. 1543-இல் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் மனித உடலையே அறுத்துக் கண்டவற்றைப் படங்களோடு வெளியிட்ட பிறகுதான் கேலனின் பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நம் நாட்டில் சுஸ்ருத சம்ஹிதை, உடலை ஏழு நாள் நீரில் ஊறவைத்து அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்துக் கற்கச் சொல்கிறது. கழுத்தின் இரு பக்கமும் நீலா, மன்யா என்ற மர்மங்கள் உண்டென்றும், அங்கே அடிபட்டால் பேச்சு போகும், குரல் கெடும், சுவை தெரியாது என்றும் அது எழுதிவைத்திருக்கிறது. கழுத்தில் காயம்பட்டவர்களைக் கூர்ந்து கவனித்த யாரோ ஒருவரின் அனுபவம் அதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

படம் வரைபவர் ஒரு கழுத்தைத்தான் வரைய முடியும். ஆகவே அதிகம் பேரிடம் காணப்படுவதை வரைகிறார். மாணவன் அதை மனப்பாடம் செய்கிறான். வேறு மாதிரி இருப்பதைப் பார்த்தால் ‘அப்நார்மல்’ என்று எழுதுகிறான். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. கருவில் சிரைகள் முதலில் ஒரு வலையாகத்தான் உருவாகின்றன. எந்த வழியில் ரத்தம் அதிகம் ஓடுகிறதோ அந்த வழி பெருக்கும். மற்றவை சுருங்கி மறையும். எது நிலைக்கும், எது மறையும் என்பது குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் வேறுபடும். தமனிகளைவிடச் சிரைகளில் மாறுபாடு அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். இதில் நோயும் இல்லை, குறையும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் ஆயுள் முழுக்கத் தன் கழுத்து வேறு மாதிரி என்று தெரியாமலே வாழ்ந்து முடிப்பார். கத்தி வைக்கும் நாளில் மட்டும் அது பெரிய விஷயமாகிவிடுகிறது.

மேலோட்டமான சிரைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடகர் உச்சஸ்தாயியில் நிற்கும்போது கழுத்தின் பக்கவாட்டில் ஒன்று புடைத்துத் தெரியுமே, அது வெளிக்கழுத்துச் சிரை. சிலருக்கு ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மெலிந்தும் இருக்கும். சிலருக்கு இரண்டாக இருக்கும். முகத்திலிருந்து வரும் சிரை உள்ளே உள்ள பெரிய சிரையில் சேராமல் இதில் வந்து சேர்வதும் உண்டு. கழுத்தின் முன்பக்கம், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு சிறிய சிரைகள் இறங்கும். சிலருக்கு அவை ஒன்றாகி நடுக்கோட்டிலேயே ஒற்றைச் சிரையாக இறங்குகின்றன. மூச்சுத் திணறுபவருக்கு அவசரமாக மூச்சுக்குழாயில் துளை போடும்போது, நடுக்கோடுதான் பாதுகாப்பான வழி என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். அந்த வழியில் இந்தச் சிரை குறுக்கிட்டால் ரத்தத்தில் எதுவும் தெரியாமல் போகும். சிறு குழந்தைகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மார்புக்குள் இருக்க வேண்டிய பெரிய சிரை மார்பெலும்பின் பள்ளத்துக்கு மேல் எட்டிப் பார்ப்பதுண்டு. தோலைக் கீறியதும், ஆழமாகப் போகுமுன் விரல் நுனியால் தடவிப் பார் என்று என் ஆசிரியர்கள் வற்புறுத்தியதன் அர்த்தம் பின்னால்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

கழுத்துச் சிரை அறுந்தால் ரத்தம் போவதைத் தவிர இன்னோர் ஆபத்தும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. தலை உயர்ந்திருக்கும் நிலையில் திறந்த சிரை காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காற்று இதயத்தின் வலப்பக்கத்தில் போய் அடைத்துக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். அறுவை அரங்கில் இது நடந்தால் அந்த நொடியே விரலால் அடைத்து, மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவோம். சாலை விபத்தில் கழுத்தில் வெட்டுப்பட்டவரைக் கண்டால் நீங்களும் சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மூச்சு முட்டாதவரை படுத்த நிலையிலேயே வைத்திருங்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

உட்கழுத்துச் சிரைக்கு வருகிறேன். இது மண்டையோட்டின் அடியில் ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. 9, 10, 11 ஆகிய மூன்று மூளை நரம்புகளும் அதே வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஒரே வாசலில் புறப்பட்ட நான்கில் 11-ஆவது நரம்பு மட்டும் உடனே பின்பக்கம் திரும்பித் தோளை நோக்கிப் போக வேண்டும். வழியில் சிரை நிற்கிறது. எப்படிக் கடக்கும்? பெரும்பாலானோரில் சிரையின் முன்புறமாகக் கடக்கிறது. குறைந்த சிலரில் பின்புறமாகக் கடக்கிறது. மிக அபூர்வமாகச் சிலரில் சிரையின் ஊடாகவே போகிறது.

ஊடாக என்றால் சிரையைத் துளைத்து ரத்தத்துக்குள் நீந்திப் போவதாக நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் சிரை இரண்டாகப் பிரிந்திருக்கும். நடுவில் உள்ள இடைவெளியில் நரம்பு நுழைந்து போகும். பிரிந்த கிளைகள் கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டால் அதை ஜன்னல் என்ற பொருளில் ‘ஃபெனஸ்ட்ரேஷன்’ என்கிறோம். முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் தனித்தனியே கடலுக்குப் போவதைப் போல, பிரிந்தவை சேராமலே கீழே இறங்கினால் அது இரட்டைச் சிரை. கழுத்து அறுவைகளை வரிசையாக ஆராய்ந்து எழுதியவர்கள் இதை ஏறத்தாழ 1,000 கழுத்துகளுக்கு 4 என்ற அளவில் பதிவு செய்திருக்கிறார்கள். சிரை பெருகும் வேளையில் நரம்பு குறுக்கே நின்றதால் பிளந்ததா, அல்லது கருவின் வலையில் மறைய வேண்டிய ஒரு வழி மறையாமல் நின்றதா என்பதில் உடற்கூறியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

ஒரு முறை கன்னத்துப் புற்றுக்காக ஒருவரின் கழுத்தில் நெறிகளை நீக்கிக்கொண்டிருந்தோம். கீழிருந்து மேலாகச் சிரையைத் தெளிவாக்கிக்கொண்டு போனோம். தாடைக் கோணத்துக்குக் கீழே வந்ததும் சிரையின் பின் ஓரத்திலிருந்து ஒரு கிளை கிளம்புவதுபோல் தெரிந்தது. பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் அதைக் கட்டி வெட்டுவதற்கு நூலைக் கையில் வாங்கிவிட்டார். கிளைச் சிரைகளைக் கட்டுவது அந்த அறுவையில் வழக்கமான வேலைதான். ஆனால் கிளை மிகவும் தடித்திருந்தது. தாய்ச் சிரையில் ஏறக்குறையப் பாதி. கட்டாமல் மேலே தொடர்ந்து போகலாம் என்றேன். இரண்டு விரல் அகலம் மேலே போனதும் அது மறுபடி சிரையோடு சேர்ந்தது. நடுவில் இருந்த இடைவெளியில் பளபளப்பான வெள்ளை இழையாக 11-ஆவது நரம்பு போய்க்கொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் உட்பட எல்லோரும் வந்து பார்த்தார்கள். அந்தக் கிளையை முதலிலேயே கட்டியிருந்தால் முடிச்சுக்குள் நரம்பும் சிக்கியிருக்க வாய்ப்புண்டு. இரு கிளைகளையும் காப்பாற்றி, நரம்பை இழுக்காமல், பின்கிளைக்கு அடியில் ஒளிந்திருந்த நெறிகளையும் எடுத்தோம். வேலை கொஞ்சம் நீண்டது. அவர் கை தூக்கும் சக்தி குறையவில்லை.

இந்த நரம்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே அறுவை மருத்துவத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1906-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டைச் சேர்ந்த ஜார்ஜ் க்ரைல், தலை-கழுத்துப் புற்றுக்குக் கழுத்தின் நெறிகளை மொத்தமாக நீக்கும் முறையை 132 அறுவைகளின் அனுபவத்தோடு வெளியிட்டார். பரவிய புற்றைக் கையாள ஓர் ஒழுங்கான வழியை உலகத்துக்குத் தந்தவர் அவர். பின்னால் நியூயார்க்கின் ஹேய்ஸ் மார்ட்டின் அதை உறுதியான விதியாக்கினார்: நெறிகளோடு சாய்தசை, உட்கழுத்துச் சிரை, 11-ஆவது நரம்பு மூன்றையும் எடுத்துவிட வேண்டும். எதையாவது விட்டுவைத்தால் புற்றையும் விட்டுவைத்ததாகும் என்பது அவர்கள் அச்சம். உயிர் பிழைத்தவர்கள் தோள் சரிந்து, வலியோடு வாழ்ந்தார்கள். 1963-இல் அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ், நெறிகள் சவ்வுறைகளுக்கு இடையேதான் இருக்கின்றன, அந்த உறைகளை உரித்தெடுத்தால் தசையையும் சிரையையும் நரம்பையும் விட்டுவைக்கலாம் என்று காட்டினார். அவர் எழுதியது ஸ்பானிய மொழியில். இத்தாலியின் எத்தோரே போக்கா அதைக் கையாண்டு ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை தோள்கள் தேவையில்லாமல் சரிந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டில், இந்த அறுவை ஏதோ அபூர்வமான அறுவை இல்லை. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் தினசரி வேலை. எல்லாவற்றையும் எடுத்துவிடும் காலத்தில் சிரை இரட்டையா ஒற்றையா என்ற கேள்விக்கே இடமில்லை. காப்பாற்ற வேண்டும் என்று முடிவுசெய்த பிறகுதான் சிரையும் நரம்பும் ஆளுக்கு ஆள் எங்கே இருக்கின்றன என்று அறியும் கடமை வந்தது.

சிரையைக் காப்பாற்றுவதற்கும் காரணம் உண்டு. பலருக்கு வலப்பக்கச் சிரை பெரிது, இடப்பக்கம் சிறிது. சிலருக்கு ஒரு பக்கம் மிகவும் ஒடுங்கியே பிறந்திருக்கும். பெரிய பக்கத்தை எடுத்துவிட்டு ஒடுங்கிய பக்கத்தை நம்பினால், மூளையிலிருந்து ரத்தம் இறங்க வழி போதாமல் முகம் வீங்கும், மண்டைக்குள் அழுத்தம் ஏறும். ஸ்கேன் படத்தில் கட்டியை மட்டும் பார்க்காமல் இரு பக்கச் சிரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

ஐ.சி.யு.வில் கழுத்தில் ‘சென்ட்ரல் லைன்’ போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தச் சிரைக்குள்தான் போகிறது. முன்பெல்லாம் மேலே உள்ள அடையாளங்களை வைத்துக் கணித்து ஊசியைச் செலுத்துவோம். சிரை தமனிக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது கணக்கு. சிலருக்கு அது தமனியின் மேலேயே படுத்திருக்கும். ஊசி சிரையைத் தாண்டித் தமனிக்குள் போய்விடும். 2002-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி போட வேண்டும் என்று பரிந்துரைத்தது. கணிப்பை விட்டுக் கண்ணை நம்பிய இந்த மாற்றம் பல உயிர்களைக் காத்திருக்கிறது என்பது என் கருத்து.

நான் இன்று இங்கே வந்ததற்கு முக்கியமான காரணத்தை இனிச் சொல்கிறேன். 11-ஆவது நரம்புக்குக் கேடு விளைவது பெரிய புற்று அறுவையில் மட்டும் என்று எண்ண வேண்டாம். ‘சின்ன ஆபரேஷன், அரை மணி நேரம், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம்’ என்று சொல்லிச் செய்யும் நெறி எடுப்பில்தான் அது அடிக்கடி அறுபடுகிறது. நம் நாட்டில் கழுத்தில் நெறி கட்டினால் காசநோயா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நெறி பெரும்பாலும் நான் முன்னால் தொட்டுப் பார்க்கச் சொன்ன முக்கோணத்தில் இருக்கும். நெறியும் நரம்பும் ஒரே கொழுப்புக்குள். சாய்தசையின் பின் ஓரத்தில் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் வெளிவரும் ஓர் இடம் உண்டு, எர்ப் புள்ளி என்பார்கள். 11-ஆவது நரம்பு அதற்குச் சற்று மேலே, பொதுவாக 2 செ.மீ.க்குள், வெளியே வரும். இதுவும் பொதுவாகத்தான். சிலருக்கு நரம்பு சாய்தசையைத் துளைத்து வருகிறது, சிலருக்கு அடியில் நுழைந்து வருகிறது, சிலருக்கு முன்கூட்டியே கிளை பிரிந்துவிடுகிறது. பெருத்த நெறி அதைத் தோலை நோக்கி உந்தித் தள்ளியும் வைத்திருக்கும். கீழே குனிந்து சின்னக் கீறலுக்குள் தேடும் கத்தரி, நெறியோடு சேர்ந்த நூலிழை என்று நினைத்து நரம்பையே நறுக்கிவிடும்.

அப்போது யாருக்கும் தெரியாது. தையல் பிரித்து வீட்டுக்குப் போன பிறகு, அறுவை செய்துகொண்ட பெண் தலை பின்னக் கையைத் தூக்குவாள். தோளுக்கு மேல் கை போகாது. கொடியில் துணி போட முடியாது. தோள் ஒரு பக்கம் இறங்கும், தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்தும், இரவெல்லாம் வலிக்கும். ‘ஆபரேஷன் செய்த இடம், கொஞ்ச நாளில் சரியாகும்’ என்று சொல்லி அனுப்புவார்கள். மாதங்கள் போகும். நரம்பு அறுந்தது முதல் சில மாதங்களுக்குள் தெரிந்தால் முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம், இடைவெளி இருந்தால் வேறு இடத்து நரம்புத் துண்டை வைத்து இணைக்கலாம். நாள் கடந்துவிட்டால் தசை வற்றிவிடும். பிறகு வேறு தசைகளை இடம் மாற்றிக் கட்டும் பெரிய அறுவை ஒன்றுதான் மிச்சம். ஒரே மாதிரி நரம்பு அறுந்தும் ஒருவருக்குத் தோள் முழுதாக விழுந்து, இன்னொருவர் ஓரளவு சமாளிப்பதையும் பார்க்கிறோம். கழுத்துத் தண்டுவடத்தின் 2, 3, 4-ஆம் நரம்புகளிலிருந்தும் ட்ரபீசியஸ் தசைக்கு இழைகள் வருகின்றன. சிலருக்கு அவை தசையை இயக்கும் வலு கொண்டவை, சிலருக்கு இல்லை. யாருக்கு எப்படி என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

ஆகவே என் வேண்டுகோள்: கழுத்து நெறிக்கு முதலில் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை போதுமா என்று கேளுங்கள். பல நேரம் அது போதும். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றால் ‘தோள் நரம்பு பக்கத்தில் போகிறதா?’ என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். அறுவைக்குப் பின் கை தூக்க முடியவில்லை என்றால் அந்த வாரமே திரும்பிப் போங்கள்.

தைராய்டுக்கு வருவோம். குரலை இயக்கும் நரம்பு விசித்திரமான பாதையில் வருகிறது. வேகஸ் நரம்பு கழுத்து வழியாக மார்புக்குள் இறங்குகிறது. அதிலிருந்து கிளைக்கும் குரல் நரம்பு இடப்பக்கத்தில் இதயத்துக்கு மேலுள்ள மகாதமனியின் வளைவைச் சுற்றி, வலப்பக்கத்தில் கைக்குப் போகும் தமனியைச் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறிக் குரல்வளைக்குள் நுழைகிறது. கருவில் இந்த நரம்பு தமனி வளைவுக்குக் கீழாக நேரே போய்க்கொண்டிருந்தது. இதயம் மார்புக்குள் இறங்கியபோது வளைவும் இறங்கி, நரம்பையும் கீழே இழுத்துக்கொண்டுபோனது. ஒட்டகச்சிவிங்கியிலும் இதே ஏற்பாடுதான். அங்கே நரம்பு பல மீட்டர் நீளம் சுற்றி வருகிறது. கேலன் இந்த நரம்பைக் கண்டவர். கத்திக்கொண்டிருந்த பன்றியின் நரம்பை அறுத்ததும் சத்தம் நின்றதை ரோமில் மக்கள் முன் காட்டினார்.

ஆயிரம் பேரில் 5 முதல் 7 பேருக்கு வலப்பக்கத்தில் இந்த நரம்பு சுற்றி வருவதில்லை. அவர்களுக்கு வலக்கைத் தமனி வழக்கமான இடத்தில் உருவாகாமல், மகாதமனி வளைவின் கடைசிக் கிளையாகப் பிறந்து, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே வலப்பக்கம் போகிறது. நரம்பைக் கீழே இழுக்க அங்கே வளைவு இல்லை. ஆகவே நரம்பு கழுத்திலேயே வேகஸிலிருந்து பிரிந்து நேர்க்குறுக்காகக் குரல்வளைக்குப் போய்விடுகிறது. 1823-இல் எடின்பரோவில் வெளியான ஓர் இதழில் ஸ்டெட்மன் என்பவர் இதை முதலில் எழுதினார். இடப்பக்கம் இப்படி நேர்வது அதைவிடப் பல மடங்கு அபூர்வம். அதற்கு மகாதமனியே வலப்பக்கம் வளைந்திருக்க வேண்டும்.

அறுவையில் இதன் பொருள் என்ன? நரம்பு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுப்பள்ளத்தில் கீழிருந்து ஏறிவரும் என்று தேடுகிறோம். அங்கே ஒன்றும் இல்லை. பக்கவாட்டிலிருந்து குறுக்கே ஒரு வெள்ளை இழை வருகிறது. கீழ்த் தைராய்டுத் தமனி என்று எண்ணிக் கட்டி வெட்டினால் குரல் போய்விட்டது. நரம்பைக் கண்ணால் பார்க்காதவரை குறுக்கே போகும் எதையும் வெட்டக்கூடாது என்ற ஒழுங்கு இருந்தால் மட்டுமே தப்பலாம். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் வலக்கைத் தமனியின் போக்கு முன்பே தெரிந்திருக்கும். யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

சுற்றி வரும் நரம்பிலும் ஒரே ஒழுங்கு இல்லை. கீழ்த் தைராய்டுத் தமனிக்கு முன்னாலும் பின்னாலும், அதன் கிளைகளுக்கு நடுவிலும் போகும். குரல்வளையைத் தொடுமுன்பே இரண்டு மூன்றாகப் பிரிவதுண்டு. ஒரு கிளையைப் பார்த்துவிட்டு நரம்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியடைந்தால், குரல்நாணை இயக்கும் முன்கிளை அதற்கு முன்னால் அறுந்திருக்கும். ஒரு பக்கம் அறுந்தால் குரல் கம்மும், தண்ணீர் குடித்தால் புரையேறும். இரு பக்கமும் அறுந்தால் குரல்நாண்கள் நடுவில் ஒட்டிக்கொண்டு மூச்சே அடைக்கும்.

தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக்கிய சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கருக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தம் சிந்தாமல், நிதானமாக, அடுக்கடுக்காகப் போவது அவர் முறை. பிறகு வெகுகாலம் நரம்பின் பக்கமே போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் எண்ணினார்கள். 1938-இல் பாஸ்டனின் ஃப்ராங்க் லேஹி, ஒவ்வொரு அறுவையிலும் நரம்பைத் தேடிக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். நான் அவர் கட்சி. இப்போது மூச்சுக் குழலிலேயே மின்முனை பொருத்தி, நரம்பைத் தொட்டால் ஒலிக்கும் கருவிகள் வந்துவிட்டன. உதவியானவை. உடற்கூற்றைத் தெரிந்தவர் கையில் அவற்றின் உதவி இரட்டிப்பாகும்.

தைராய்டின் மேல்முனையில் இன்னொரு மெல்லிய நரம்பு இருக்கிறது. உச்சத்தில் குரலை ஏற்றுவது அது. பாடுபவர்கள், ஆசிரியர்கள், மேடைப் பேச்சாளர்கள் தைராய்டு அறுவைக்குப் போகும்போது தங்கள் தொழிலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கழலை பெரிதானால் இந்த நரம்பு மேல்முனையோடு ஒட்டித் தாழ்ந்து வருவது அதிகம். தாடைக்குக் கீழே கீறும்போது உதட்டோரத்தை இறக்கும் நரம்பும் அப்படியே: டிங்மன், கிராப் இருவரும் 1962-இல் 100 முகப் பாதிகளை ஆராய்ந்து, முகத்தமனிக்குப் பின்னால் 19 சதவீதத்தில் அது தாடை ஓரத்துக்குக் கீழே இறங்கியிருப்பதைக் கண்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்றால் அது அபூர்வமா, சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உடற்கூறியல் கூடத்தில் உங்கள் முன் கிடத்தப்பட்டிருப்பவர்களில் பலர், தங்கள் உடலை எழுதிக் கொடுத்தவர்கள். புத்தகத்தோடு பொருந்தாத சிரையைக் கண்டால் ‘கெட்டுப்போன பாடி’ என்று ஒதுக்காதீர்கள். படம் எடுத்து, அளந்து, எழுதுங்கள். ஸ்டெட்மன் செய்தது அதைத்தான். உடல்தானம் பற்றி வீட்டில் பேசாமல் இருக்கும் பெரியவர்கள் இதையும் யோசித்துப் பாருங்கள்.

அறுவை மருத்துவர்களும் கண்டதை எழுதிவைக்க வேண்டும். ‘வலக் குரல் நரம்பு நேராக வந்தது’, ‘இடச் சிரை இரட்டை’ என்ற ஒரு வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால், பத்தாண்டு கழித்து அதே கழுத்தைத் திறக்கும் இன்னொரு டாக்டருக்கு அது வழிகாட்டும். மறு அறுவையில் எல்லாம் தழும்பாக ஒட்டிக் கிடக்கும்; அப்போது அந்த ஒரு வரியின் மதிப்பு மிகப் பெரிது. கழுத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுவையின் போது என்ன கண்டோம் என்பது எழுதப்படவில்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டுகளோடு போட்டுத் தொலைத்துவிடாமல் ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் இடத்தில் வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். கழுத்தில் கட்டி இருப்பவர்கள் யாரும் வந்திருந்தால் முதலில் அவர்கள் கேட்கட்டும்.